கேள்வி நேரம்: ஒரே பகலில் சென்னை

கேள்வி: காலை 7 மணிக்கு எழும்பூரில் இறங்குகிறோம், இரவு 9 மணிக்கு அங்கிருந்தே திரும்பும் ரயில். 2 பிள்ளைகளும் 72 வயது மாமியாரும் உடன் வருகிறார்கள். போன தடவை பகல் 12.30க்கு மயிலாப்பூர் போய், சாத்தின கதவைக் கும்பிட்டுவிட்டு வந்தோம். இந்த முறை எந்த வரிசையில் போகலாம்? (வாசகி, விழுப்புரம்)

பதில்: நடை சாத்தும் நேரத்தை வைத்துத்தான் சென்னையில் நாளைப் பிரிக்க வேண்டும். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலும் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலும் நண்பகலையொட்டி நடை சாத்தினால், மாலை 4 மணி வாக்கில்தான் திறக்கும். அதே நேரத்தில் மெரினா மணலில் கால் வைக்க முடியாது. ஆகவே காலையில் கோயில், உச்சி வெயிலுக்கு மியூசியம், மாலையில் கடல். இந்த வரிசையை மாற்றினால் எங்காவது வாசலில் உட்கார வேண்டியிருக்கும்.

இறங்கியதும் பைகளை ஸ்டேஷன் கிளோக் ரூமில் போட்டுவிடுங்கள். பூட்டு இல்லாத பையை வாங்க மாட்டார்கள். ரயில் டிக்கெட்டும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். டிபனை முடித்துக்கொண்டு ஆட்டோ பிடித்தால் 8.30க்குக் கபாலீசுவரர் கோயிலில் இருக்கலாம். வெயில் ஏறினால் பிராகாரக் கல் சுடும், மாமியாருக்கு வெறுங்காலோடு சுற்றி வர முடியாது. சீக்கிரம் போகச் சொல்வது அதற்காகத்தான். உள்ளே புன்னை மரத்தடிச் சன்னதியைக் காட்டாமல் வராதீர்கள். அம்பாள் மயிலாக வந்து சிவனைப் பூசித்த இடம் என்பார்கள். ஊர்ப் பெயரின் கதையே அதுதான்.

அங்கிருந்து கிழக்கே, கச்சேரி சாலை வழியாகச் சாந்தோம் தேவாலயம். நடந்தால் 20 நிமிடம், மாமியாருக்கு ஆட்டோ. இப்போதுள்ள கட்டடம் 1896இல் முடிந்தது. லஸ் பக்கம் மெட்ரோ வேலையால் வழி மாற்றிவிடுவதுண்டு, கால் மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். 11 மணிக்கு மாட வீதிப் பக்கமே இலை போட்டுச் சாப்பிட்டுவிடுங்கள். 12.30க்கு மேல் போனால் காத்திருந்துதான் உட்கார வேண்டும்.

பிறகு எழும்பூர் மியூசியம். 1851இல் தொடங்கியது, ஒரே வளாகத்தில் பல கட்டடங்கள். வருகிறவர்கள் செய்யும் தவறு, முதலில் கண்ணில் படும் கற்சிலைகளிலேயே 2 மணி நேரம் போக்கிவிட்டு, வெண்கலக் கூடத்துக்கு வரும்போது கால் ஓய்ந்துபோவது. வெண்கலத்தை முதலில் பாருங்கள். திருவெண்காட்டிலிருந்து வந்த அர்த்தநாரீசுவரர் முன்னால் பிள்ளைகளை நிறுத்தி, கைகளை எண்ணச் சொல்லுங்கள். மூன்றுதான் வரும்: சிவன் பாதிக்கு இரண்டு, உமை பாதிக்கு ஒன்று. இடுப்பு ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் வளைந்தும் இருப்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். திருவாலங்காட்டு நடராஜரையும் பாருங்கள். அதற்கப்புறம் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு. பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும், என்ன செய்வது!

4 மணிக்குக் கலங்கரை விளக்கம். லிப்ட் உண்டு. 5.30க்கு மூடிவிடுவார்கள் என்பதால் வரிசையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பிறகு மெரினா. மணலில் நடக்க முடியாதவர்களுக்காக விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, கடல்வரை போகும் மரப்பாதை 2022இல் திறந்தார்கள்; மாமியாரை அங்கே அழைத்துப் போங்கள்.

திரும்பும்போது ஞாயிறு மாலையானால் காமராஜர் சாலையில் ஆட்டோவை நம்பாதீர்கள். 7 மணிக்கே கிளம்பி, சேப்பாக்கம் ஸ்டேஷனுக்கு நடந்து பறக்கும் ரயில் பிடியுங்கள். பார்க் டவுனில் இறங்கி ரோட்டைத் தாண்டுவதைவிட, அடுத்த ஸ்டேஷனான கோட்டையில் இறங்குவது நல்லது. எழும்பூருக்குப் போகும் தாம்பரம் ரயிலை ஸ்டேஷனை விட்டு வெளியே வராமலே அங்கே பிடிக்கலாம்.

கேள்வி: வெள்ளிக்கிழமைதான் லீவு கிடைக்கிறது. வரலாமா? (வாசகர், ஆரணி)

பதில்: வேண்டாம். எழும்பூர் மியூசியம், கோட்டை மியூசியம் இரண்டுக்கும் வெள்ளிதான் விடுமுறை. திங்களன்று கலங்கரை விளக்கமும் விவேகானந்தர் இல்லமும் கிடையாது. செவ்வாயன்று கிண்டி பூங்காவும் வண்டலூர் உயிரியல் பூங்காவும் மூடியிருக்கும். புதன், வியாழன், சனி பாருங்கள். பங்குனியில் அறுபத்து மூவர் அன்று மட்டும் மயிலாப்பூரை வேறு எதோடும் சேர்க்காதீர்கள். உள்ளே போன வண்டி வெளியே வராது.

கேள்வி: பெண்களுக்கு இலவச பஸ் வெளியூர்க்காரர்களுக்கும் உண்டா? (வாசகி, திருத்தணி)

பதில்: உண்டு. 2021 முதல் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் எந்த ஊர்ப் பெண்ணும் போகலாம். டீலக்ஸ், ஏசி பஸ்ஸில் காசு உண்டு. இலவசம்தானே என்று சும்மா உட்காராமல், கண்டக்டரிடம் கட்டணமில்லாச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். செக்கிங் வந்தால் அதைத்தான் கேட்பார்.

கேள்வி: மெரினாவில் குளிக்கலாமா? (வாசகர், வேலூர்)

பதில்: கூடாது. கரையை விட்டுச் சில அடியிலேயே தரை சட்டென்று பள்ளமாகும், திரும்பும் அலை காலடி மணலையும் சேர்த்து இழுக்கும். நீச்சல் தெரிந்தவர்களும் மாட்டிக்கொள்வது இதில்தான். கணுக்கால் நனைந்தால் போதும். பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.