ஐந்நூறுக்கு ஐந்நூறு சரியா?

கேள்வி: வரும் தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை அடிக்கும் முன்பே வீட்டில் மொய்யை வைத்து மூன்று கட்சி. மாமனார், "நோட்டு போட்டு எழுதி, மைக்கில் படிக்கணும்" என்கிறார். மகன், "பத்திரிகையிலேயே க்யூஆர் கோடு அச்சடிச்சிடலாம்" என்கிறான். கணவர், "அன்பளிப்பைத் தவிர்க்கவும்னு போட்டுட்டா வம்பே இல்லை" என்கிறார். இதற்கு நடுவில் எனக்கு ஒரு மனத்தாங்கல். 2012-ல் ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு 500 ரூபாய் எழுதினோம். போன ஆவணியில் எங்கள் புதுவீட்டுப் பால்காய்ச்சுக்கு வந்தவர்கள் அதே 500-ஐத்தான் திருப்பி எழுதினார்கள். மொய் என்பது கடன்தான், விலைவாசிக்குத் தக்கபடி கூட்டித் தர வேண்டும் என்று சொன்னேன். வீட்டில் என்னைக் கந்துவட்டிக்காரி என்று கேலி செய்கிறார்கள். நான் சொன்னது தப்பா?
- ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: கடன் என்று சொன்னதில் தப்பே இல்லை. வட்டி கேட்டதில்தான் தப்பு.

மொய் அன்பளிப்புதான் என்று மேடையில் பேசுகிறவர்கள்கூட, வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்து பழைய நோட்டைத்தான் புரட்டுகிறார்கள். திருப்பித் தர வேண்டிய பணம், யார் எவ்வளவு என்று எழுதி வைத்த பணம், அப்பா போனபின் பிள்ளை தலையில் இறங்குகிற பணம். இதைக் கடன் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? ஆனால் இது தவணை இல்லாத, வட்டி இல்லாத, கொடுத்தவர் வீட்டில் விசேஷம் வந்தால் மட்டும் தீர்க்கிற கடன். அந்த மூன்றும் இருப்பதால்தான் கூலி வேலைக்குப் போகிறவர் வீட்டிலும் ஒரு கல்யாணம் நடந்து முடிகிறது.

உங்கள் 500-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். அரசு வெளியிடும் நுகர்வோர் விலைக் குறியீடு 2012-ல் 100 என்றால், 2025-ல் 190-ஐத் தாண்டிவிட்டது. அந்தக் கணக்கில் அவர்கள் சுமார் 950 ரூபாய் தந்திருக்க வேண்டும். பவுன் கணக்குக்குப் போனால், 2012-ல் 20,000 சொச்சத்தில் இருந்த பவுன் 2025 செப்டம்பரில் 80,000-ஐத் தாண்டியது. அப்படியானால் 2,000 வரும். இரண்டில் எதைக் கேட்பீர்கள்? அவர்கள், "நாங்க நாலு பேர் வந்து சாப்பிட்டோம், அன்னிக்கு நீங்க ரெண்டு பேர்தானே வந்தீங்க" என்று இலைக் கணக்கை எடுத்தால் என்ன செய்வீர்கள்? இதற்கு முடிவே கிடையாது. அதனால்தான் பெரியவர்கள், எழுதிய தொகைக்குக் குறையாமல் திருப்ப வேண்டும் என்று மட்டும் விதி வைத்தார்கள். கூட்டி எழுதுவது அவரவர் விருப்பம். கூட்டிய பங்கு வட்டி ஆகாது, புதுக் கடன். நீங்கள் எழுதிய 500-க்கு அவர்கள் 1,000 எழுதியிருந்தால், பாதி உங்கள் பணம், பாதி நீங்கள் அவர்களுக்குத் தர வேண்டிய பாக்கி. சரிக்குச் சரி 500 எழுதினால் கணக்கு நேர். அவர்களிடம் அன்றைக்குப் பணமுடை இருந்திருக்கலாம், அல்லது உங்களைப் புதுக் கடனில் மாட்டிவிட மனமில்லாமல் இருந்திருக்கலாம். இன்னொன்று: கல்யாணத்துக்கு எழுதியதைக் கல்யாணத்துக்கே திருப்புவோம் என்று காத்திருக்கிற வீடுகள் உண்டு. இவர்கள் பால்காய்ச்சுக்கே கொண்டுவந்து தீர்த்திருக்கிறார்கள். இதில் குறைசொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

இனி உங்கள் கணவர் கட்சி. கேட்க நாகரிகமாக இருக்கிற இந்த யோசனைதான் மூன்றிலும் மோசமானது. இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும் என்று தெரிந்தே சொல்கிறேன். இருபது வருடமாக நீங்கள் ஊரெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அந்த வீடுகள் எல்லாம், "இவங்க வீட்டுல எப்ப விசேஷம் வரும், எப்பத் திருப்புவோம்" என்று காத்திருக்கின்றன. அவர்களிடம் போய் "தவிர்க்கவும்" என்றால், கடனைத் தீர்க்க வந்தவன் கையைத் தட்டிவிடுகிற மாதிரி. பாதிப் பேர் எப்படியும் கவரை மணமகள் கையில் திணிப்பார்கள். மீதிப் பேர் வெறுங்கையோடு சாப்பிட்டோமே என்று நெளிவார்கள். அடுத்த மாதம் அவர்கள் வீட்டு விசேஷத்தில் நீங்கள் மொய் எழுதினால் அதையும் வாங்கத் தயங்குவார்கள். நிஜமாகவே மொய்ப் பழக்கத்தை விட்டு வெளியே வர ஆசை என்றால் வழி இருக்கிறது: முதலில் நீங்கள் தர வேண்டிய பாக்கியை எல்லாம் திருப்பி முடியுங்கள். வர வேண்டியதை வாங்கிக்கொள்ளுங்கள். கடைசிப் பிள்ளை கல்யாணத்துக்குப் பிறகு "தவிர்க்கவும்" போடலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

மகனின் க்யூஆர் கோடு கெட்ட யோசனை இல்லை, ஆனால் பத்திரிகையில் வேண்டாம். பத்திரிகை கூப்பிடுவதற்கு. அதில் வசூல் படம் இருந்தால் மஞ்சள் தடவித் தருகிறபோதே கை கூசும். மொய் மேசையில் ஓர் அட்டையில் ஒட்டி வையுங்கள், போதும். அதிலும் சிக்கல்கள் உண்டு. செல்போனில் பணம் அனுப்புகிறவர் பெயர் வங்கியில் உள்ளபடிதான் வரும். ஊரில் எல்லோரும் "தண்டல்காரர்" என்று கூப்பிடுகிறவர் அங்கே இங்கிலீஷில் வேறு யாரோவாக இருப்பார். சிலருக்கு மகன் நம்பர், சிலருக்குக் கடைக் கணக்கு. ராத்திரி உட்கார்ந்து பார்த்தால் ஏதோ ஒரு டிரேடர்ஸ் 1,001 அனுப்பியிருக்கும். யாரென்று ஒருவருக்கும் தெரியாது. அதனால் அனுப்பியவரும் மேசைக்கு வந்து பெயர் சொல்ல வேண்டும், அதே நோட்டில் அதே வரிசை எண்ணில் எழுதி, தொகைக்குப் பக்கத்தில் "வங்கி" என்று குறிக்க வேண்டும். அவர் போனில் காட்டும் படத்தை நம்பி எழுதாதீர்கள். உங்கள் பக்கம் வரவு விழுந்த சத்தம் கேட்ட பிறகு எழுதுங்கள். மண்டபத்துக்குள் சிக்னல் கிடைக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துவிடுவது நல்லது. வீட்டுச் செலவு ஓடாத தனிக் கணக்கு ஒன்றில் வாங்கினால் பிறகு கூட்டிப் பார்க்க எளிது.

மாமனார் சொல்வதில் பாதி சரி. நோட்டு கட்டாயம். மைக் வேண்டாம். மதுரை, தேனிப் பக்கத்துக் கிராமங்களில் தொகையைச் சொல்லி மைக்கில் படிப்பது வழக்கம்தான், அவர் அதைப் பார்த்து ஆசைப்படுகிறார். 5,001-க்குப் பிறகு 101 என்று படிக்கும்போது அந்த 101 எழுதியவருக்குச் சோறு இறங்காது. தாய்மாமன் சீரை மட்டும் மைக்கில் சொல்லுங்கள். மாமன்மாருக்கு அந்த மரியாதை வேண்டும். அதோடு மைக்கைக் கேட்டரிங்காரரிடம் கொடுத்து, அடுத்த பந்திக்குக் கூப்பிடச் சொல்லிவிடுங்கள்.

இனி நோட்டு. மொய்யால் வருகிற சண்டையில் முக்கால்வாசி பணத்தால் வருவதில்லை, எழுதிய லட்சணத்தால் வருவது.

முதலில் எத்தனை மேசை என்று கணக்குப் போடுங்கள். பெயர் கேட்டு, ஊர் கேட்டு, எண்ணி வாங்கி, எழுதி முடிக்க ஓர் ஆளுக்கு 40 விநாடி ஆகும் என்று வையுங்கள். 300 குடும்பம் என்றால் 12,000 விநாடி, அதாவது மூன்று மணி இருபது நிமிடம். ஆனால் முகூர்த்தம் முடிந்து முதல் இரண்டு பந்தி எழும் ஒன்றரை மணி நேரத்தில்தான் கூட்டம் மொத்தமும் வரும். ஒரே மேசை என்றால் வரிசை நீளும், அவசரத்தில் இனிஷியல் போகும், சிலர் "அப்புறம் தர்றேன்" என்று கிளம்பிவிடுவார்கள். இரண்டு மேசை போடுங்கள். ஊர்க்காரர்களுக்கு ஒன்று, வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று என்று பிரித்தால் பின்னால் தேடவும் வசதி. கை கழுவிவிட்டு வாசலுக்குப் போகும் வழியில் இருக்கட்டும். தாம்பூலப் பை கொடுக்கும் மேசைக்கு ஒட்டி வேண்டாம், பை வாங்க மொய் எழுதுகிற மாதிரி ஆகிவிடும்.

மேசைக்கு இரண்டு பேர். ஒருவர் எழுத, ஒருவர் பணம் வாங்க. எழுதுகிறவருக்குக் கையெழுத்தைவிட ஊர் தெரிந்திருப்பது முக்கியம். பணம் வாங்குகிறவர் தொகையைச் சத்தமில்லாமல், ஆனால் தெளிவாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒருவர் பங்காளி வகை, ஒருவர் மாமன் மச்சான் வகை என்று உட்கார வைப்பது பழைய தந்திரம், பின்னால் யாரும் வாய் திறக்க முடியாது. முகூர்த்த நேரத்தில் தாலி கட்டுவதைப் பார்க்க எழுந்து ஓடாத ஆளாகப் பாருங்கள். மணமகளின் சித்தப்பாவை உட்கார வைத்துவிட்டு அவரைக் காணோம் என்று தேடாதீர்கள்.

நோட்டில் மஞ்சள் வைத்து, பிள்ளையார் சுழி போட்டு, முதல் வரியில் குலதெய்வத்துக்கோ தாய்மாமனுக்கோ எது உங்கள் வழக்கமோ அதை எழுதிக்கொள்ளுங்கள். அதன்பின் ஒவ்வொரு வரியும் வரிசை எண், ஊர், இனிஷியலோடு பெயர், அடையாளம், தொகை என்ற ஒழுங்கில் போகட்டும். ஊரை முதலில் கேட்க வேண்டும். பெயரை முதலில் எழுதினால் ஊர் எழுத மறந்துபோகிறது. பழனி பக்கத்தில் "பழனிச்சாமி 501" என்று ஊர் இல்லாமல் எழுதி வைத்தால் எந்தப் பழனிச்சாமிக்குத் திருப்புவது? அடையாளம் என்ற இடத்தில் "மேட்டு வீடு", "உரக்கடை", "மகள் மாமனார்" என்று ஊர் எப்படிச் சொல்லுமோ அப்படியே எழுதுங்கள். இருபது வருடம் கழித்து உங்கள் மகளுக்கு அந்த இரண்டு வார்த்தைதான் உதவும். பெண்கள் தனியாக வந்து எழுதினால் அவர்கள் பெயரையும் எழுதிக் கணவர் பெயரையும் சேருங்கள். அடுத்த விசேஷத்தில் அவர் தன் பெயரைத் தேடுவார், இல்லையென்றால் வருத்தப்படுவார்.

ஒரு பக்கத்துக்கு 20 பெயர். பக்கம் முடிந்ததும் கீழே கூட்டுத்தொகையைப் பென்சிலில் போட்டு, அதுவரை வாங்கிய பணத்தை எண்ணிப் பார்த்து, ரப்பர் பேண்டு போட்டுப் பைக்குள் வைத்துவிடுங்கள். முந்நூறு பெயர் முடிந்த பிறகு ஆயிரம் ரூபாய் இடித்தால் எங்கே தேடுவது? பக்கத்துக்குப் பக்கம் பார்த்தால் இருபது பெயருக்குள் தப்பு கிடைத்துவிடும். பெரும்பாலும் 501-ஐ 5,001 என்று எழுதியதாகவோ, கவரைப் பிரிக்காமல் எழுதியதாகவோ இருக்கும்.

கவர் தனி வில்லங்கம். வெளியே 1,001 என்று எழுதியிருந்தாலும் உள்ளே ஒரு ரூபாய்க் காசு மட்டும் இருக்கலாம். நோட்டை வைக்க மறந்திருப்பார்கள், வேண்டுமென்று செய்வது அபூர்வம். கூட்டத்துக்கு நடுவில் பிரித்துப் பார்ப்பதும் மரியாதையில்லை. கவரின் மேல் வரிசை எண்ணை எழுதி வாங்கி வைத்துக்கொண்டு, நோட்டில் தொகையிடத்தைக் காலியாக விடுங்கள். மாலையில் இரண்டு பேர் முன்னிலையில் பிரித்து நிரப்புங்கள். மேடையில் மணமக்கள் கையில் தருகிற கவர்களுக்கு ஒரு துணிப்பையும் ஒரு பொறுப்பான பையனும் தேவை. காலிக் கவர்களை ஒரு மாதமாவது தூக்கிப் போடாதீர்கள். சில்லறையாக 100 ரூபாய் நோட்டு 50, ஒரு ரூபாய்க் காசு 50 முன்கூட்டியே வைத்துக்கொண்டால், 500 நோட்டை நீட்டி "200 எழுதிட்டு மிச்சம் குடுங்க" என்பவர்களையும், ஒரு ரூபாய்க் காசு கேட்பவர்களையும் சமாளிக்கலாம்.

கம்ப்யூட்டரில் எழுதி ரசீது தரும் ஆட்களையும் இப்போது அமர்த்துகிறார்கள். கூட்டுத்தொகை தானாக வரும், ஊர்வாரியாகப் பிரித்துத் தருவார்கள், நல்ல வசதி. தட்டச்சு செய்பவர் வெளியூர் ஆள் என்பதால் பெயர்கள் சிதையும். பக்கத்தில் உங்கள் ஆள் ஒருவர் இருக்க வேண்டும். அன்றே அச்சடித்த பிரதியைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வரி விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. கல்யாணத்தில் மணமக்களுக்கு வரும் அன்பளிப்புக்கு வருமான வரி கிடையாது. இந்தச் சலுகை மணமக்களுக்குத்தான், பெற்றோருக்கு அல்ல. ஆகவே வங்கியில் போடுவது மகள் கணக்காக இருக்கட்டும், க்யூஆர் கோடும் அவளுடையதாக இருக்கட்டும். பால்காய்ச்சு, காதுகுத்து போன்றவற்றுக்கு அந்தச் சலுகை இல்லை. உறவினர் அல்லாதவர்களிடம் ஒரு நிதியாண்டில் வாங்கியது மொத்தமாக 50,000-ஐத் தாண்டினால் முழுத் தொகையும் வருமானத்தில் சேரும். இதில் ஒரு வேடிக்கை: சட்டத்தின் கண்ணில் சித்தப்பா உறவினர், சித்தப்பா மகன் உறவினர் இல்லை! ஒரே ஆளிடம் ஒரே விசேஷத்துக்கு ரொக்கமாக 2 லட்சமோ அதற்கு மேலோ வாங்கவும் கூடாது.

புதுக்கோட்டை, தஞ்சாவூர் பக்கத்துக் கிராமங்களில் ஆடி மாதம் மொய் விருந்து என்றே தனியாக வைக்கிறார்கள். கல்யாணம், காதுகுத்து என்று சாக்கே கிடையாது. கறிச்சோறு போட்டு, கொடுத்ததை வாங்கி, வந்த பணத்தில் கிணறு வெட்டுகிறார்கள், கடை வைக்கிறார்கள். செலவை மிச்சம் பிடிக்கப் பல பேர் சேர்ந்து ஒரே பந்தலில் நடத்துவதும் உண்டு. அங்கே போய் "மொய் கடனா?" என்று கேட்டால், உங்களை யாரும் கந்துவட்டிக்காரி என்று சொல்ல மாட்டார்கள்.

கல்யாணம் முடிந்த வாரமே நோட்டை இரண்டு ஜெராக்ஸ் எடுங்கள். ஒன்று மகளுக்கு, ஒன்று மகனுக்கு. அசல் உங்களிடம். நாளைக்குப் பிள்ளைகள் தனிக்குடித்தனம் போனதும், "எனக்காக எழுதினது, நான்தான் திருப்பணும்" என்றோ, அதைவிட அடிக்கடி, "உனக்காக எழுதினது, நீயே திருப்பு" என்றோ பேச்சு வரும். அந்த 500 எழுதிய வீட்டுக்கும் மறக்காமல் பத்திரிகை வையுங்கள். அவர்கள் பாக்கி ஆவணியோடு தீர்ந்துவிட்டது. தையில் வந்து அவர்கள் எழுதுகிற ஒவ்வொரு ரூபாயும் புதுக் கணக்கு, கடனாளி நீங்கள். அதைத் திருப்பும்போது விலைவாசியைப் பார்ப்பதா வேண்டாமா என்று வீட்டில் இன்னொரு தடவை பேசிக்கொள்ளுங்கள்.