மல்டிபிள் ரெக்ரஷன்: எந்த மாறியைச் சேர்ப்பது, எதை விடுவது? – கேள்வி பதில்

பல மாறிகளை ஒரே சமன்பாட்டில் (மாடலில்) வைத்து ஒன்றைக் கணிப்பதுதான் மல்டிபிள் ரெக்ரஷன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன: மாடலில் எந்த மாறிகளை வைப்பது? முடிந்தவரை ஒரே தரவை வைத்துப் பதில் சொல்கிறேன். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளோடு சேர்ந்தே வரும் எம்டிகார்ஸ் அது. 1974-ல் அமெரிக்காவின் மோட்டார் ட்ரெண்ட் இதழில் வந்த 32 கார்களின் விவரம்: ஒரு காலனுக்கு எத்தனை மைல், எடை, குதிரைத்திறன், கியர் வகை என்று மொத்தம் 11 பத்திகள். கூடவே நீங்களும் போட்டுப் பாருங்கள், நான் சொல்லும் எண்கள் அப்படியே வரும்.

கேள்வி (எம்.காம். மாணவி, மதுரை): மேடம், ஒவ்வொரு மாறிக்கும் தனித்தனியாகச் சிம்பிள் ரெக்ரஷன் போட்டால் போதாதா? எல்லாவற்றையும் ஒரே சமன்பாட்டில் வைப்பதால் புதிதாக என்ன கிடைக்கிறது?

பதில்: மைலேஜுக்கு எடையை மட்டும் வைத்துப் போடுங்கள். எடை ஆயிரம் பவுண்டு கூடினால் மைலேஜ் 5.34 குறைகிறது. குதிரைத்திறனை மட்டும் வைத்தால், ஒரு குதிரைத்திறனுக்கு 0.068 குறைகிறது. இப்போது இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். எடையின் கெழு (எடை ஓர் அலகு கூடினால் மைலேஜ் மாறும் அளவு) −3.88, குதிரைத்திறனின் கெழு −0.032. இரண்டுமே சுருங்கிவிட்டன.

காரணம், கனமான காரில் பெரும்பாலும் பெரிய இன்ஜின்தான் இருக்கும். எடையை மட்டும் வைத்தபோது, இன்ஜின் குடித்த பெட்ரோலும் எடையின் கணக்கிலேயே எழுதப்பட்டது. இன்ஜினின் கணக்கிலும் இதே கதைதான். சேர்த்து வைத்ததும் அவரவர் பங்கு பிரிகிறது. மாறிகளுக்குள் ஒட்டுறவே (ஒன்று கூடும்போது மற்றதும் கூடவோ குறையவோ செய்யும் போக்கு) இல்லையென்றால் தனியாகப் போட்டாலும் சேர்த்துப் போட்டாலும் ஒரே கெழுதான் வரும். நிஜத் தரவில் அப்படி அமைவது அபூர்வம்.

5.34 சொல்வது, "எடை கூடிய காரை எடுத்தால் மைலேஜ் எவ்வளவு குறைவாக இருக்கும்?" என்பதற்கான விடை. 3.88 சொல்வது, "ஒரே குதிரைத்திறன் உள்ள இரண்டு கார்களில் ஒன்று ஆயிரம் பவுண்டு கூடுதலாக இருந்தால்?" என்பதற்கான விடை. ஒரு மாறியைச் சேர்த்தவுடன் பழைய விடை துல்லியமாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது வேறு கேள்விக்கான விடை. இதைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

கேள்வி (ஐடி ஊழியர், கோவை): அக்கா, அதே எம்டிகார்ஸில் மேனுவல் கியர் காருக்கு மைலேஜ் 7.24 அதிகம் என்று வந்தது. எடையைச் சேர்த்தேன், கெழு −0.02 ஆகிவிட்டது. எதை நம்புவது?

பதில்: இரண்டும் கணக்குப்படி சரி. அந்த 32 கார்களில் 13 மேனுவல், 19 ஆட்டோமேட்டிக். மேனுவல் கார்களின் சராசரி எடை சுமார் 2,400 பவுண்டு, ஆட்டோமேட்டிக் கார்களுக்குச் சுமார் 3,770. அன்றைய பெரிய அமெரிக்கக் கார்களில் ஆட்டோமேட்டிக், சின்னக் கார்களில் மேனுவல் என்ற நிலை. அதனால் 7.24-க்குள் எடை வித்தியாசம்தான் ஒளிந்திருக்கிறது.

அத்தோடு நிறுத்தாதீர்கள். எடையோடு குதிரைத்திறனையும் சேர்த்தால் மேனுவலின் கெழு 2.08. குதிரைத்திறனுக்குப் பதில் கால் மைல் ஓட எடுக்கும் நேரத்தைச் சேர்த்தால் 2.94, அதுவும் பி-மதிப்பு (உண்மையில் தொடர்பே இல்லாவிட்டாலும் இந்த அளவு கெழு தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.047-ஆக, வழக்கமான எல்லையான 0.05-க்குச் சற்றுக் கீழே. ஆக 7.24, −0.02, 2.08, 2.94 என்று நான்கு எண்கள். "மேனுவல் கியர் பெட்ரோலை மிச்சப்படுத்துமா?" என்று கேட்பவருக்கு இதில் எதை வேண்டுமானாலும் எடுத்துக் காட்டிவிட முடியும். எந்தக் கார்களை எந்தக் கார்களோடு ஒப்பிட வேண்டும் என்பதை நீங்கள் முதலில் தீர்மானித்தாக வேண்டும். மென்பொருள் அதைச் செய்யாது.

உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க நல்ல வழி ஒன்று உண்டு. மைலேஜை எடையின் மீது ரெக்ரஷன் போட்டு எச்சங்களை (நிஜ மதிப்புக்கும் மாடல் கணித்ததற்கும் உள்ள வித்தியாசங்களை) எடுத்து வையுங்கள். கியர் வகையையும் எடையின் மீது போட்டு அதன் எச்சங்களை எடுங்கள். பிறகு முதல் எச்சத்தை இரண்டாவது எச்சத்தின் மீது போடுங்கள். சாய்வு அதே −0.02 வரும். பொருளாதார அறிஞர்கள் ஃப்ரிஷும் வாவும் 1933-ல் காட்டிய முடிவு இது. சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட இதை ஒருமுறை கையால் செய்து பார்ப்பது பல மடங்கு பயன் தரும்.

கேள்வி (முனைவர் பட்ட ஆய்வாளர், சேலம்): வணக்கம் மேடம். எல்லா மாறிகளையும் போட்டுவிட்டு, பி-மதிப்பு 0.05-க்கு மேல் இருப்பதை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வா என்கிறார் என் நெறியாளர். அப்படிச் செய்யலாமா?

பதில்: பல துறைகளில் இதுதான் வழக்கம் என்பது தெரியும். ஆனாலும் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எம்டிகார்ஸில் மற்றப் பத்து மாறிகளையும் ஒன்றாகப் போடுங்கள். ஆர்-ஸ்கொயர்டு (மைலேஜின் ஏற்ற இறக்கத்தில் மாடல் விளக்கும் பங்கு) 0.869, அருமையாகத் தெரியும். பி-மதிப்புகளைப் பாருங்கள்: பத்தில் ஒன்றுகூட 0.05-க்குக் கீழே இல்லை. எடையே 0.063-ல் நிற்கிறது. எடைக்கும் மைலேஜுக்கும் தொடர்பில்லை என்று யாராவது சொல்வார்களா? சிலிண்டர் எண்ணிக்கை, இன்ஜின் கொள்ளளவு, எடை மூன்றும் ஏறக்குறைய ஒரே சேதியைச் சொல்கின்றன. கொள்ளளவுக்கும் சிலிண்டருக்கும் ஒட்டுறவு 0.90. கொள்ளளவின் விஐஎஃப் (மற்ற மாறிகளோடு பின்னிக்கிடப்பதால் கெழுவின் நிச்சயமின்மை எத்தனை மடங்கு வீங்கியது என்ற அளவு) 21-க்கு மேல். யாருடைய பங்கு எது என்று பிரிக்க முடியாததால் எல்லாருடைய திட்டப் பிழையும் (கெழு எவ்வளவு தள்ளாடலாம் என்ற அளவு) வீங்கிவிட்டது. இந்த நிலையில் பெரிய பி-மதிப்புக்கு "இந்த மாறி முக்கியமில்லை" என்று அர்த்தமில்லை, "மற்ற ஒன்பதும் இருக்கும்போது இதைத் தனியாகப் பிரித்துச் சொல்ல இந்த 32 வரிகள் போதவில்லை" என்றுதான் அர்த்தம்.

இரண்டாவது சிக்கல் இன்னும் ஆபத்தானது. புள்ளியியலாளர் டேவிட் ஃப்ரீட்மன் 1983-ல் ஒரு சோதனை செய்தார். 100 வரிகள், 50 மாறிகள், எல்லாமே கணினி உருவாக்கிய வெறும் தற்செயல் எண்கள். எதற்கும் எதோடும் தொடர்பில்லை. எல்லாவற்றையும் போட்டு, பி-மதிப்பு 0.25-க்குக் கீழே வந்த 15 மாறிகளை மட்டும் வைத்து மறுபடியும் போட்டார். அதில் 6 மாறிகள் 0.05 அளவில் தேறிவிட்டன, மாடல் மொத்தமாக ஏதாவது விளக்குகிறதா என்று பார்க்கும் எஃப் சோதனையும் மிக வலுவாக வந்தது. ஒன்றுமே இல்லாத இடத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரைக்கான அட்டவணை தயார்! பி-மதிப்பு என்பது மாடலை முன்கூட்டியே முடிவு செய்தவருக்கான கணக்கு. அதே தரவில் தேடித் தேர்ந்தெடுத்துவிட்டு அதே தரவில் பி-மதிப்பைப் படித்தால், அந்த எண்ணுக்கு அது சொல்லிக்கொள்ளும் பொருள் கிடையாது.

ஏஐசி (பொருத்தத்தையும் மாறிகளின் எண்ணிக்கையையும் சேர்த்து எடைபோடும் மதிப்பெண்) வைத்துப் படிப்படியாக நீக்கினாலும் இந்தச் சிக்கல் போகாது. எம்டிகார்ஸில் அது எடை, கால் மைல் நேரம், கியர் வகை என்ற மூன்றைத் தேர்ந்தெடுக்கும். மேலே சொன்ன 2.94-ம் 0.047-ம் அங்கிருந்து வந்தவைதான். நூற்றுக்கணக்கான மாணவர் அறிக்கைகளில் "மேனுவல் காருக்கு 2.94 மைல் அதிகம், புள்ளியியல்படி முக்கியமானது" என்ற வரி இப்படித்தான் நுழைகிறது.

உங்கள் நெறியாளரிடம் எதிர்த்துப் பேச வேண்டாம். தரவைத் திறப்பதற்கு முன்பே, முந்தைய ஆய்வுகளையும் உங்கள் துறை அறிவையும் வைத்து, எந்த மாறி ஏன் உள்ளே வர வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதி அவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு அந்த மாடலை அப்படியே வெளியிடுங்கள், பி-மதிப்பு 0.4 வந்த மாறி உட்பட. தேர்வாளர் கேட்டால் அந்தப் பக்கம் உங்கள் கையில் இருக்கும்.

கேள்வி (எம்.பி.ஏ. மாணவர்): மாறி சேர்க்கச் சேர்க்க ஆர்-ஸ்கொயர்டு ஏறுகிறதே, அது நல்லதுதானே?

பதில்: உங்கள் வீட்டு மின் கட்டண எண்ணைச் சேர்த்தாலும் ஏறும், குறையவே குறையாது. பத்து மாறி மாடலுக்கு 0.869, எடையும் குதிரைத்திறனும் மட்டும் உள்ள மாடலுக்கு 0.827. மாறிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கழித்துச் சரிசெய்த ஆர்-ஸ்கொயர்டில் முறையே 0.807, 0.815. சின்ன மாடல் முந்திவிட்டது.

கேள்வி: எத்தனை வரிக்கு எத்தனை மாறி வைக்கலாம்?

பதில்: ஒரு மாறிக்குக் குறைந்தது 10 முதல் 15 வரி என்பது உத்தேசக் கணக்கு. 32 கார்களுக்கு இரண்டு, நீட்டினால் மூன்று. விளைவு சின்னதாக இருந்தால் இன்னும் நிறைய வரிகள் வேண்டும்.

கேள்வி (வீட்டுமனைத் துறை, சென்னை): வீட்டு விலை மாடலில் படுக்கையறை எண்ணிக்கைக்குக் கெழு மைனஸில் வருகிறது சார். தரவு தப்பா?

பதில்: சதுர அடியும் மாடலில் இருக்கிறதா? இருந்தால் தரவில் தப்பு இல்லாமலே இப்படி வரும். ஆயிரம் சதுர அடியை இரண்டு அறையாக இல்லாமல் மூன்றாகத் தடுத்தால் விலை என்ன ஆகும் என்பதுதான் இப்போது கேள்வி. அறைகள் சின்னதாகின்றன, ஹால் சுருங்குகிறது, விலை இறங்குவதில் வியப்பில்லை. அறை சேர்த்துக் கட்டினால் விலை கூடுமா என்பது வேறு கேள்வி, அங்கே சதுர அடியும் கூடவே ஏறும். (சார் இல்லை, மேடம்!)

கேள்வி (வேளாண் முதுகலை மாணவர், தஞ்சாவூர்): நெல்லுக்குத் தழைச்சத்து இட்டதன் விளைவைப் பார்க்கிறேன் அக்கா. விளைச்சலுக்குத் தழைச்சத்து, நடவு தேதி, ஒரு சதுர மீட்டருக்குக் கதிர் எண்ணிக்கை மூன்றையும் வைத்தேன். தழைச்சத்தின் கெழு கிட்டத்தட்டப் பூஜ்யம். உரம் வேலையே செய்யவில்லையா?

பதில்: தம்பி, உரம் வேலை செய்திருக்கிறது, நீங்கள்தான் அதை மறைத்துவிட்டீர்கள். தழைச்சத்து போட்டால் பயிர் நன்றாகத் தூர் கட்டும், தூர் கூடினால் கதிர் கூடும், கதிர் கூடினால் விளைச்சல் கூடும். கதிர் எண்ணிக்கையை மாடலில் வைத்ததும் நீங்கள் கேட்பது, "கதிர் எண்ணிக்கை மாறாமல் இருந்தால் தழைச்சத்தால் என்ன பயன்?" என்று. உரம் போகும் பாதையையே அடைத்துவிட்டு உரம் வரவில்லையே என்கிறீர்கள். மொத்த விளைவு வேண்டுமென்றால் கதிரை வெளியே எடுங்கள். பொதுவாக, நீங்கள் ஆராயும் காரணத்துக்குப் பிறகு அளந்த எதையும், அந்தக் காரணத்தால் மாறக்கூடிய எதையும் உள்ளே வைக்கும் முன் இரண்டு முறை யோசியுங்கள்.

கேள்வி (பொதுச் சுகாதார மாணவி): கூடுதல் மாறி வைத்தால் விளைவு குறைவாகத் தெரியலாம், சரி. தலைகீழாகவே மாறுமா?

பதில்: மாறும். புகைபிடிக்கும் தாய்மார்களின் குழந்தைகளில் எடை குறைவானவர்களும் இறப்பும் அதிகம். ஆனால் எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளை மட்டும் எடுத்து ஒப்பிட்டால், புகைபிடிக்கும் தாயின் குழந்தைகளுக்கு இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. புள்ளியியலாளர் யெருஷால்மி 1971-ல் இதை எடுத்துக்காட்டியபோது பெரிய விவாதமே எழுந்தது. புகை பாதுகாக்கிறதா? இல்லை. குழந்தையின் எடை குறையப் புகையும் ஒரு காரணம், பிறவிக் குறைபாடு போன்ற கடுமையான காரணங்களும் உண்டு. எடை குறைந்த குழந்தையின் தாய் புகைபிடிக்காதவர் என்றால், அந்த வேறு காரணம் இருப்பதற்கான வாய்ப்பு கூடுகிறது. அதனால் ஒப்பீடு கோணலாகிறது. பிறப்பு எடையை ரெக்ரஷனில் ஒரு மாறியாகச் சேர்த்தாலும் இதே கோளாறுதான். "கன்ட்ரோல் செய்தேன்" என்ற சொல் எப்போதும் பாதுகாப்பானது என்று எண்ண வேண்டாம்.

கேள்வி: என்னிடம் 200 பத்திகள். எனக்குக் காரணமெல்லாம் வேண்டாம், அடுத்த மாத விற்பனையைக் கணித்தால் போதும்.

பதில்: அப்படியென்றால் உங்கள் வழி வேறு, எளிதும்கூட. 1996-ல் புள்ளியியலாளர் டிப்ஷிரானி முன்வைத்த லாசோ முறை தேவையற்ற கெழுக்களைப் பூஜ்யமாக்கிவிடும். எல்லா மாறிகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, பழைய மாதங்களில் பழக்கிப் பிந்தைய மாதங்களில் சோதித்துப் பாருங்கள். கணிப்பு நன்றாக வந்தால் மாடல் நல்ல மாடல். லாசோ ஒரு மாறியை விட்டுவிட்டது என்பதால் "விளம்பரத்தால் பயனில்லை" என்று மட்டும் மேலாளருக்கு எழுதிவிடாதீர்கள். ஒட்டுறவுள்ள இரண்டில் ஏதோ ஒன்றை அது வைத்திருக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: சிலிண்டர் 4, 6, 8. எண்ணாக வைப்பதா, வகையாக வைப்பதா?

பதில்: எண்ணாக வைத்தால் ஒவ்வொரு படிக்கும் ஒரே இறக்கம், 5.75 மைல். வகையாக வைத்தால் 4-லிருந்து 6-க்கு 6.9, 6-லிருந்து 8-க்கு 4.6. வரி போதுமான அளவு இருந்தால் வகையாக வையுங்கள்.

கேள்வி (மீண்டும் தஞ்சாவூர்): அக்கா, கதிரை எடுத்துவிட்டேன், கெழு நன்றாக வருகிறது. நடவுக்கு முன் அளந்த மண்ணின் தழைச்சத்து அளவு இருக்கிறது. அதையும் எடுத்துவிடவா?

பதில்: வேண்டாம், அதை உள்ளேயே வையுங்கள். உரம் இடும் முன் அளந்தது, உரத்தால் மாறியிருக்க முடியாது, விளைச்சலோடு தொடர்புடையது. எந்தப் பாத்திக்கு எவ்வளவு உரம் என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்திருந்தால், இது இல்லாமலும் உங்கள் கெழு ஒரு பக்கம் சாயாது. ஆனால் வைத்தால் திட்டப் பிழை குறையும். குலுக்காமல் விவசாயிகள் தாங்களே இட்ட உரம் என்றால் இது கட்டாயம் வேண்டும், ஏனென்றால் மண் மெலிந்த வயலில் அவர்கள் கூடுதலாக இட்டிருக்கலாம். உங்களுடையது இதில் எது?