அமெரிக்காவில் செப்டம்பர், அக்டோபரில் வீட்டுக்குள் நுழையும் ஸ்டிங்க் பக் பூச்சியை எப்படி அடையாளம் காண்பது, எப்படித் தடுப்பது?

நியூ ஜெர்சிக்குப் புதிதாகக் குடிவந்தவர் கேட்டிருக்கிறார். ஜன்னல் திரையெல்லாம் பழுப்புப் பூச்சி, நசுக்கினால் நாற்றம், வீட்டில் கைக்குழந்தை வேறு. என்ன மருந்து அடிப்பது என்பது கேள்வி.

மருந்தே வேண்டாம். குழந்தையை நினைத்தும் பயப்பட வேண்டாம். இது கடிக்காது, வீட்டுக்குள் முட்டையும் வைக்காது. செடிகொடிகளில் சாறு உறிஞ்சிப் பிழைக்கும் பூச்சி. பகல் நேரம் குறையத் தொடங்கியதும் குளிருக்கு ஒதுங்க இடம் தேடுகிறது, அவ்வளவுதான்.

முதலில் அதுதானா என்று பாருங்கள். கேடய வடிவம், முக்கால் அங்குலத்துக்குள் நீளம், பழுப்பு நிறம். இதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது, இந்த ஊர்ப் பூச்சிகள் சிலவும் அப்படித்தான் இருக்கும். மீசையை, அதாவது தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் உணர்கொம்புகளைக் கவனியுங்கள். கறுத்த மீசையில் வெள்ளை வளையங்கள் தெரிந்தால் சந்தேகமே இல்லை. வயிற்றோரத்திலும் கறுப்பும் வெளுப்பும் மாறிமாறி வரும். தோள்பட்டை முள் மாதிரி கூராக இருந்தால் அது வேறு ஆள். புழுக்களைத் தின்று தோட்டத்தைக் காப்பாற்றுகிற இனமாகக்கூட இருக்கலாம், வெளியே விட்டுவிடுங்கள்.

வீட்டுக்குள் நுழையும் இந்த ஸ்டிங்க் பக் சீனா, ஜப்பான், கொரியா பக்கத்துப் பூச்சி. அமெரிக்காவில் முதலில் சிக்கியது 1998-ல், பென்சில்வேனியாவின் ஆலன்டவுனில். 2010-ல் கிழக்குப் பகுதி ஆப்பிள் தோட்டங்களுக்கு இதனால் கோடிக்கணக்கான டாலர் நஷ்டம். அந்த நாற்றத்தில் இருப்பது கொத்தமல்லித் தழையில் உள்ள அதே வகை ஆல்டிஹைடு என்ற வேதிப்பொருட்கள்தான். அதனால் நம் மூக்குக்கு அழுகிய மல்லிக்கட்டு மாதிரி இருக்கும்.

தடுக்கிற வேலையை ஆகஸ்டிலேயே முடித்துவிட வேண்டும். இரவில் வீட்டு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, வெளியிலிருந்து ஒருவரை ஜன்னல் ஓரமாக டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். உள்ளே எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறதோ அங்கெல்லாம் சிலிக்கோன் கால்க் (இடுக்கை அடைக்கும் பசை) வைத்து அடையுங்கள். கேபிள், குழாய் நுழையும் துளைகளைப் பலர் மறந்துவிடுவார்கள். அட்டிக் (கூரைக்கு அடியிலுள்ள பரண்) காற்றுத்துளைக்கு வலை, கதவடியில் ரப்பர் பட்டை. ஜன்னல் ஏசியைக் கோடை முடிந்ததும் கழற்றி எடுத்துவிடுங்கள், என் அனுபவத்தில் பெரிய வாசலே அதுதான்.

உள்ளே வந்துவிட்டதா? ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் பாத்திரம் கழுவும் லிக்விட் கொஞ்சம் கலந்து, பூச்சிக்கு நேர் கீழே பிடியுங்கள். சீண்டினால் பறப்பதைவிடத் தொப்பென்று கீழே விழுவதுதான் இதன் வழக்கம். லேசாகத் தட்டினால் தானாக டம்ளருக்குள் வந்துவிடும். வேக்யூமில் இழுக்கலாம், ஆனால் பையை அன்றைக்கே வெளியே எறியாவிட்டால் அப்புறம் வேக்யூம் போடும்போதெல்லாம் வீடு நாறும். நிறைய இருந்தால் ஓர் அலுமினியத் தட்டில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, இருட்டறையில் அதன்மேல் ஒரு விளக்கைப் போட்டு வையுங்கள். 2014-ல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தினர் ஒப்பிட்டுப் பார்த்தபோது, கடைப் பொறிகளைவிட இதில்தான் 14 மடங்கு அதிகம் செத்தன.

சரி, மருந்து ஏன் வேண்டாம் என்கிறேன்? சுவருக்குள் அடித்தால் நூற்றுக்கணக்கில் அங்கேயே செத்துக் கிடக்கும். அதைத் தின்னக் கார்பெட் வண்டு வரும். அதன் புழு கம்பளியையும் பட்டுத்துணியையும் அரிக்கும். ஊரிலிருந்து கொண்டுவந்த பட்டுப்புடவை அலமாரியில் இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள்.

வாசனை வைத்து ஈர்க்கும் பொறிகளையும் வீட்டருகே வைக்காதீர்கள், இல்லாததையும் கூப்பிட்டுவிடும். வாடகை வீடென்றால் கால்க் வேலை பெரும்பாலும் உரிமையாளருடையது. ஆகஸ்டிலேயே எழுத்தில் கேட்டுவிடுங்கள், அக்டோபரில் கேட்டால் அடுத்த வருடத்துக்குத்தான் உதவும்.