இந்தப் பிள்ளைகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

வணக்கம். ஐந்து வருடமாக உங்களை வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல்முறை. மதுரையிலிருந்து கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவள். இப்போது இங்கே பீனிக்ஸ் பகுதியில் ஒரு பள்ளியில் மூன்றாம் கிரேடு டீச்சர். வகுப்பில் 43 பிள்ளைகள். ஏழெட்டுப் பேர் தவிர எல்லோரும் வீட்டில் ஜூலு பேசுகிறவர்கள். பள்ளியில் எல்லாம் இங்கிலீஷ். பாதிப் பேருக்கு வாசிக்கவே வரவில்லை. மீதிப் பேர் கடகடவென்று வாசிக்கிறார்கள், என்ன வாசித்தாய் என்று கேட்டால் முழிக்கிறார்கள். போன மாதம் ஒரு வொர்க்‌ஷாப்புக்கு அனுப்பினார்கள். ஆராய்ச்சி அடிப்படையில் வாசிப்பு கற்பிப்பது என்று நாள் முழுக்க ஸ்லைடு போட்டார்கள். எழுத்தின் ஒலியை வரிசையாகச் சொல்லிக்கொடு என்றார்கள். எங்கள் பிரின்ஸிபாலோ, புத்தகங்களுக்கு நடுவே விட்டால் பிள்ளைகள் தானாகப் பிடித்துக்கொள்வார்கள் என்கிறார். எது சரி அக்கா? இந்தப் பிள்ளைகளின் வீட்டில் ஒரு புத்தகம்கூடக் கிடையாது, நாம் மட்டும் என்ன செய்துவிட முடியும் என்றும் தோன்றுகிறது. எல்லாவற்றுக்கும் போன்தான் காரணமா? இன்னொன்று, என் மகளுக்கு ஐந்து வயது. இப்போதே தமிழ் எழுத்தும் சொல்லிக்கொடுத்தால் குழம்புவாளா?

எஸ்., பீனிக்ஸ்

அன்புள்ள எஸ்.,

போனை விட்டுவிடுவோம். போன் வருவதற்கு முன்னாலும் பிள்ளைகள் வாசிக்கத் தெரியாமலே கிரேடு தாண்டிப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்று நான் அத்தையின் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தேன். என் மாமியார் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. புடவைகளுக்கு அடியில் அவருடைய பாட்டுப் புத்தகம் இருந்தது. கோயிலில் கொடுக்கிற மெல்லிய புத்தகம், தேவாரமும் அம்மன் பாட்டும் ஆங்கில எழுத்தில் அச்சடித்தது. டர்பனில் இருக்கிற உங்களுக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அத்தை பிறந்தது டர்பனின் கேட்டோ மேனரில். அறுபதுகளில், இனவாரியாக ஆட்களைப் பிரித்துக் குடியேற்றிய குரூப் ஏரியாஸ் சட்டத்தைக் காட்டிக் கிளப்பியபோது குடும்பத்தோடு சாட்ஸ்வர்த்துக்கு வந்தவர். பேச்சுத் தமிழ் வழியில் எங்கேயோ உதிர்ந்துபோனது, பாட்டு மட்டும் தங்கியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தால் பதிகம் முழுவதையும் புத்தகத்தைப் பார்த்து ஓர் எழுத்துப் பிசகாமல் பாடுவார்.

நான் வந்த புதிதில் ஒரு நாள், "அத்தை, பிறைன்னா என்ன?" என்று சும்மா கேட்டேன். அவர் அந்த வார்த்தையின் மேல் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பிரேதானே மா? ப்ரேயர்" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஐம்பது வருடமாகப் பாடியிருக்கிறார். இரண்டு நாள் கழித்து மூன்றாம் பிறை. பின்வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். (இங்கே பிறை நம்மூரில் பார்க்கிற மாதிரி இருக்காது, சாய்வு மாறித் தெரியும்.) இப்போது அந்தப் புத்தகத்தைப் பிரித்தால், அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பிறை வரைந்திருக்கிறார். எனக்கு இது தெரியவே தெரியாது.

அத்தைக்கு நேர் எதிர் எங்கள் ஆச்சி. ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். அப்பாவுக்கு பம்பாயில் வேலை, மாதம் ஒரு இன்லண்டு லெட்டர் வரும். ஆச்சிக்கு எழுத்து தெரியாது. நான் இரண்டாம் வகுப்பு. திண்ணையில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டி, "அவ்விடம் நலம றியஆ வல்" என்று இழுப்பேன். எனக்கு ஒன்றும் விளங்காது. ஆச்சி வெற்றிலையை மடித்துக்கொண்டே, "நல்லாருக்கானாம். நம்மள விசாரிக்கான்" என்பாள். "பணம் அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன்" என்று நான் முடிப்பதற்குள், "வேல சரியா இல்ல போலுக்கு" என்று முகம் வாடிவிடும். வாசித்தவள் நான், புரிந்துகொண்டவள் அவள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் ஒரு வாசகி.

காஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986இல் இதைக் கணக்காகவே எழுதிவைத்தார்கள். எழுத்தை ஒலியாக மாற்றத் தெரிவது ஒன்று, அந்த மொழியைக் கேட்டால் புரிவது இன்னொன்று. இரண்டையும் பெருக்கினால் வருவது வாசிப்பு. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒரு பக்கம் பூஜ்யம் என்றால் மறுபக்கம் எவ்வளவு இருந்தாலும் விடை பூஜ்யம். உங்கள் வகுப்பில் கடகடவென்று வாசித்துவிட்டு முழிக்கிற பிள்ளைகள் என் அத்தையின் வரிசை. வாசிக்கவே வராதவர்களில் பலர் ஆச்சியின் வரிசை. ஜூலுவில் ஒரு கதை சொன்னால் கண்ணை விரித்துக்கொண்டு கேட்பார்கள், எழுத்தைக் காட்டினால் கதவு மூடிவிடும். இரண்டு வரிசைக்கும் ஒரே மருந்து கிடையாது. யார் எந்த வரிசை என்று உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

பல நாடுகளில் நடக்கிற பிர்ல்ஸ் என்ற வாசிப்புத் தேர்வில், 2021இல் இந்த நாட்டு நான்காம் கிரேடுப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேரால் எந்த மொழியிலும் பொருள் புரிந்து வாசிக்க முடியவில்லை. 2016இல் அது 78. இந்த எண்ணை எல்லோரும் சொல்கிறார்கள், சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள்.

உங்கள் பிரின்ஸிபால் சொல்வது நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் தப்பு. பேச்சு தானாக வரும், எழுத்து அப்படி வராது. எழுத்து மனிதன் செய்துவைத்த ஒன்று, அதை யாராவது கையைப் பிடித்துக் காட்ட வேண்டும். 1967இல் கென் குட்மன் என்பவர், வாசிப்பு என்பது ஒரு வகை ஊகிக்கும் விளையாட்டு என்று எழுதினார். படத்தைப் பார், முதல் எழுத்தைப் பார், எது பொருந்தும் என்று யோசி என்பதெல்லாம் அந்த வழியில் வகுப்புகளுக்குள் வந்தது. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்த தேசியக் குழு, எழுத்தொலியை முறையாக, வரிசையாகச் சொல்லிக்கொடுப்பதுதான் பலன் தருகிறது என்றது. ஆனாலும் ஊகம் வகுப்பைவிட்டுப் போகவில்லை.

நான் நேரில் பார்த்தேன். சில வருடம் இங்கே ஒரு பள்ளியில் உதவிக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு பையன், இரண்டாம் கிரேடு, என் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறான். பக்கத்தில் நாய்ப் படம், கீழே 'தி டாக் ரன்ஸ்'. அவன் 'தி பப்பி ரன்ஸ்' என்றான். டீச்சர் "குட் பாய், அர்த்தம் சரிதானே" என்று நகர்ந்துவிட்டார். அடுத்த பக்கத்தில் படத்தின் மேல் என் உள்ளங்கையை வைத்து மூடினேன். அவன் எழுத்தைப் பார்க்கவில்லை. என் விரலிடுக்கைப் பார்த்தான். ஒரு விரலை மெதுவாக நகர்த்தக்கூடப் பார்த்தான். இரண்டு வருடம் பள்ளிக்கூடம் வந்த பிள்ளை, விடை படத்தில் இருக்கிறது என்று கற்றுக்கொண்டிருக்கிறான். யாரோ அவனுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், பிரியமாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

இதில் உங்கள் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது, வொர்க்‌ஷாப்பில் சொன்னார்களோ என்னவோ. ஜூலுவில் 'சி' என்ற எழுத்து நாம் பரிதாபப்பட்டு உச்சுக் கொட்டுகிறோமே, அந்த ஒலி. 'எக்ஸ்' என்பது மாட்டுவண்டிக்காரர் கடைவாயில் நாக்கை ஒட்டி எடுத்து மாட்டை விரட்டுகிற ஒலி. தவளைக்கான ஜூலுச் சொல்லில் அந்த எக்ஸ் இரண்டு தடவை வரும். அதே எழுத்துக்கு உங்கள் வகுப்பில் வேறு ஒலி. பிள்ளை தடுமாறினால் அது மந்தம் இல்லை, அவனுக்குத் தெரிந்த ஒலியைத்தான் அவன் தேடுகிறான். அந்த இரண்டு ஒலியையும் வாயால் போடப் பழகிக்கொள்ளுங்கள். நீங்கள் உச்சுக் கொட்டிக் காட்டினால் வகுப்பே சிரிக்கும், அப்புறம் நீங்கள் சொல்வதைக் கேட்கும்.

இப்போது கோபப்படப்போகிறேன். "இந்தப் பிள்ளைகளின் வீட்டில்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் 342 பேர் மதராஸிலிருந்து வந்து இங்கே இறங்கினார்கள். 1911 வரைக்கும் 1,52,184 பேர் வந்தார்கள். கரும்புக்காட்டு லயத்தில் என்ன புத்தகம் இருந்தது? அந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள்தான் காசு சேர்த்து, கல் சுமந்து, அரசின் பாதி உதவியோடு பள்ளிக்கூடங்கள் கட்டினார்கள். அங்கே நின்ற வாத்தியார் "இந்தக் கூலிக்காரப் பிள்ளைகளின் வீட்டில்" என்று கையை விரித்திருந்தால் என் வீட்டுக்காரரின் தாத்தா கையெழுத்துப் போடக் கற்றிருக்க மாட்டார். வீட்டில் புத்தகம் இல்லாத பிள்ளைக்குத்தான் பள்ளிக்கூடம் முழுசாகத் தேவை. உங்களை நோகடிக்க இதைச் சொல்லவில்லை. களைத்துப்போன டீச்சர் வாயில்தான் இந்தச் சொல் வரும் என்று எனக்குத் தெரியும்.

ஏன் களைத்துப்போகிறீர்கள் என்பதும் தெரியும். உங்களை ஒரு நாள் உட்காரவைத்து ஸ்லைடு போட்டு அனுப்பிவிட்டார்கள். அதன்பின் உங்கள் வகுப்பு வாசலைக்கூட யாரும் மிதிக்கவில்லை.

இந்த நாட்டிலேயே இதற்கு ஆதாரம் இருக்கிறது. 2015இல் நார்த் வெஸ்ட் மாகாணத்தில், செட்ஸ்வானா பேசும் பிள்ளைகள் படிக்கும் 230 பள்ளிகளில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கினார்கள். ஒரு கூட்டம் பள்ளிகளின் டீச்சர்களை ஓரிடத்தில் கூட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். இன்னொரு கூட்டத்துக்கு அதே பாடத் திட்டம், அதே படிநிலை வாசிப்புப் புத்தகங்கள், ஆனால் ஒரு கோச் வகுப்புக்கே வந்து கூட இருப்பார். மூன்றாவதில் பெற்றோரைக் கூட்டிப் பேசினார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், கோச் வந்த பள்ளிகளின் பிள்ளைகள் ஒரு வருடப் படிப்பில் ஏறக்குறைய 40 சதவீதம் முன்னால் இருந்தார்கள். பயிற்சிக்குப் போய்வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அதில் சுமார் பாதிதான். பெற்றோரைக் கூட்டிய பள்ளிகளில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. வீடு வீடு என்கிறோமே, மாற்றம் வகுப்பறையில்தான் வந்தது. புத்தகமும் திட்டமும் இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றுதான். வித்தியாசம், டீச்சர் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தது. அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலம் 2013இல் நான்காம் வகுப்பு வாசிப்பில் 49ஆம் இடத்தில் இருந்தது, 2019இல் 29ஆம் இடத்துக்கு வந்தது. அவர்களும் எழுத்தொலியை டீச்சர்களுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுத்து, பின்தங்கிய பள்ளிகளுக்குக் கோச்சுகளை அனுப்பினார்கள்.

எனக்கு இந்த எண்கள் தெரியவருவதற்கு முன்பே இது தெரியும். ஊரில் டீச்சர் ட்ரெயினிங் படித்தேன். இரண்டு வருடத்தில் பியாஜேயின் குழந்தை உளவியல் தெரியும், ஜிகினா ஒட்டி சார்ட் செய்யத் தெரியும், ஒரு பிள்ளை எப்படி வாசிக்கத் தொடங்குகிறது என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. முதல் வேலையில் ஒன்றாம் வகுப்பு. "மானா, ரானா, இம்மன்னா, மரம்" என்று நான் கத்த, பிள்ளைகள் கத்தினார்கள். நான் சொன்ன சொல்லைத் திருப்பிச் சொல்கிறார்கள், நான் வாயை மூடினால் அவர்களும் மூடுகிறார்கள். ரிட்டயர் ஆகப்போகிற ஒரு டீச்சர் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். ஒரு வாரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கூப்பிட்டு, "நீ போர்டப் பாத்துப் பாடம் நடத்துத. பிள்ளையோட வாயைப் பாரு" என்றார். "மானாவும் ரானாவும் சேந்தா 'மானாரானா'தாம்மா வரும், மரம் எப்படி வரும்? பேரைச் சொல்லாத, சத்தத்தச் சொல்லு." மறுநாள் அவரே ஒரு பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டு ம, ர, ம் என்று ஒவ்வொரு சத்தமாக இழுத்து, கடைசியில் தான் நிறுத்திக்கொண்டு அந்தப் பிள்ளையைச் சேர்க்கவிட்டார். சொல் அதன் வாயிலிருந்து வந்தது. பிள்ளை தன் வாயையே தொட்டுப் பார்த்தது. இரண்டு வருடப் படிப்பில் கிடைக்காதது எனக்குப் பத்து நிமிடத்தில் கிடைத்தது. அந்தப் பத்து நிமிடம் கிடைக்காத டீச்சர்கள் இந்த ஊரிலும் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. பயிற்சிக் கல்லூரிகளில் இதைப் பாடமாக வைக்க வேண்டும், வைத்தபின் வகுப்புக்குள் வந்து கூட நிற்கவும் வேண்டும். முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுவதுதான் எல்லா ஊரிலும் நடக்கிறது.

உங்கள் மகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுங்கள். குழம்ப மாட்டாள்.

கோச் வரும்வரை உங்கள் பள்ளியில் யாராவது ஒரு டீச்சரைப் பிடியுங்கள். வாரத்துக்கு அரை மணி நேரம் அவர் வகுப்பில் நீங்கள், உங்கள் வகுப்பில் அவர், கடைசி பெஞ்சில் உட்காருங்கள். அப்புறம் தினமும் இரண்டு பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லி, சரியாக வாசித்த சொற்களை எண்ணுங்கள். இங்கிலீஷை இரண்டாம் மொழியாகப் படிக்கிற பிள்ளை மூன்றாம் கிரேடு முடிவில் நிமிடத்துக்கு 30 சொல்லாவது வாசிக்க வேண்டும் என்பது இங்கத்திய கல்வித் துறையின் அளவு. எண்ணி முடித்ததும் என்ன வாசித்தாய் என்று கேளுங்கள், ஜூலுவில் பதில் சொன்னாலும் சரி. சொல்வது உங்களுக்குப் புரியாவிட்டால் பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் 43 பேரும் எந்த வரிசை என்று தெரிந்துவிடும்.

வாசிக்கும்போது படத்தை உள்ளங்கையால் மூடிக்கொள்ளுங்கள். பிள்ளையின் கண் எங்கே போகிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா