பிரிட்டனில் கறுப்பினத்தவரை ரத்த தானத்துக்குத் தனியாக அழைப்பது ஏன்?

ரத்த வகை என்றால் ஏ, பி, ஓ, அப்புறம் பாசிட்டிவ், நெகட்டிவ். நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் சிவப்பணுக்களின் மேல் இன்னும் நூற்றுக்கணக்கான நுண்ணிய அடையாளங்கள் உண்டு. அவை பெற்றோரிடமிருந்து வருவதால், ஒரே வம்சாவளியினருக்குள் பொருந்த வாய்ப்பு அதிகம். 'ஆர்ஓ' என்ற ரத்த உட்பிரிவு பிரிட்டனின் கறுப்பினத்தவரில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் இருக்கிறது; மற்றவர்களிடம் அபூர்வம்.

அங்கே அரிவாள் செல் நோய் பெரும்பாலும் ஆப்பிரிக்க, கரீபிய வம்சாவளியினருக்கே வருகிறது. சிவப்பணு அரிவாள்போல் வளைந்து ரத்தக் குழாயை அடைத்துக்கொள்ளும். வலி தாங்க முடியாது. இவர்களில் பலருக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை, ஆண்டுக்கணக்கில் ரத்தம் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பொருந்தாத ரத்தம் ஏறினால், உடல் அதை அந்நியமாகக் கருதி, எதிர்த்துத் தாக்கும் எதிர்பொருளை (ஆன்டிபாடி) உருவாக்கலாம். அதன் பிறகு அந்த நோயாளிக்கு ரத்தம் தேடுவதே பெரும்பாடு.

புடவைக்கு மேட்சிங் பிளவுஸ் துணி எடுத்தவர்களுக்கு இது புரியும். 'பச்சை' என்று கேட்டு வாங்கினால் அவசரத்துக்கு ஆகும். அதே பச்சை வேண்டுமென்றால், கடையில் எல்லாப் பச்சையும் இருக்க வேண்டும். ரத்த வங்கியும் அப்படித்தான். அதனால்தான் கறுப்பினத்தவரைத் தனியாக அழைக்கிறார்கள்.

சரி, கறுப்பினத்தவருக்குக் கறுப்பினத்தவரின் ரத்தம்தான் சேருமா? இல்லை. பொருந்தினால் யார் ரத்தமும் யாருக்கும் ஏறும். பார்ப்பது அணுவின் அடையாளத்தை, தோலின் நிறத்தை அல்ல.