சேசன் பியருக்கு எந்த மால்ட்?

கேள்வி: பெல்ஜியத்தின் பண்ணை பியரான சேசனை வீட்டில் தயாரிக்க பில்ஸ்னர் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) நல்லதா, பேல் ஏல் மால்ட்டா?

பதில்: தயங்காமல் பில்ஸ்னரையே வாங்குங்கள். பெல்ஜியத்தின் தென்பகுதியான வலோனியாவின் பண்ணைகளில் குளிர்காலத்தில் தயாரித்து வைத்து, கோடையில் வயல் வேலையாட்களின் தாகம் தணிக்கக் கொடுக்கப்பட்ட பியர் இது என்பதால், இனிப்பு எஞ்சாத, லேசான சுவையே இதற்கு அழகு. பேல் ஏல் மால்ட் கூடுதல் சூட்டில் உலர்த்தப்படுவது. இரண்டிலும் ஒரு மணியைக் கடித்துப் பார்த்தால், பேல் ஏலில் பிஸ்கட் வாசனையும் பில்ஸ்னரில் மெல்லிய தேன் இனிப்பும் தெரியும். அந்தப் பிஸ்கட் வாசனை, சேசன் ஈஸ்ட் தரும் அருமையான மிளகு மணத்தை அமுக்கிவிடும் என்பது என் கருத்து. உடைத்த மால்ட்டை 64–65 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஊறவைத்தால், கிடைக்கும் சர்க்கரை பிறகு நன்றாக நொதிக்கும். பில்ஸ்னரில் வேகவைத்த சோள வாடைக்குக் காரணமான பொருள் சற்று அதிகம் இருப்பதால், மால்ட் ஊறிய நீரை வடித்தெடுத்த சாற்றை மூடாமல் 90 நிமிடம் கொதிக்கவிடுங்கள்.