கல்யாணத் துணி சென்னையிலா, பினாங்கிலா?

தங்கச்சி, உங்கள் அண்ணன் கல்யாணத்துக்கு மொத்தத் துணியையும் சென்னையிலேயே எடுத்துவிடலாமா, ஆனால் 4 நாள் பயணம், 20 கிலோ பெட்டிதான் என்று கேட்டிருந்தீர்கள். என்னைக் கேட்டால் பட்டுத் துணியை மட்டும் அங்கே எடுங்கள். மற்றதெல்லாம் பினாங்கு லிட்டில் இந்தியாவே போதும்.

பட்டுக்குத் தி.நகர். ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் காஞ்சிபுரம்; சென்னையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர், நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடைகளே அங்கு உண்டு. அசல் பட்டு என்று சான்று சொல்லும் சில்க் மார்க் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய கடைகளில் பேரம் எடுபடாது, ஒட்டிய விலைதான். எடுப்பதை முதல் நாளே எடுங்கள். ஃபால்ஸ் வைத்து, முந்தானையில் குஞ்சம் கட்டி, ரவிக்கை தைத்து வாங்க நாள் வேண்டாமா?

பேரம் பேசும் ஆசைக்கு ரங்கநாதன் தெரு நடைபாதை இருக்கிறது. 900 ரூபாய் சொன்ன சுடிதாரை 550க்கு முடித்து, நானும் ஜெயித்த மாதிரிதான் நடந்தேன். வீட்டில் முதல் தண்ணீரிலேயே வாளி முழுக்கச் சிவப்பு, கூட ஊறிய வெள்ளைத் துண்டும் போச்சு! இங்கே லிட்டில் இந்தியாவின் லெபோ பாசார் தெருவில் வாங்கியிருந்தால் மறுநாளே கடை வாசலில் போய் நின்றிருப்பேன்.

சுடிதார், வேட்டி, பிள்ளைகள் துணிக்கு இங்கேயே "மூன்று எடுத்தால் எவ்வளவு?" என்று கேளுங்கள், சில வெள்ளியாவது (ரிங்கிட்) இறங்கும். அப்புறம், பெட்டி எடை கூடுமென்று தோன்றினால் கூடுதல் எடைக்கு முன்கூட்டியே இணையத்தில் பணம் கட்டிவிடுங்கள். விமான நிலையத்தில் போய்க் கட்டினால் பேரத்தில் மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கேயே கரைந்துவிடும்.